சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய 88 பேர்

கொரியச் சண்டை நிற்க இந்தியா செய்த பணி

1954-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். "அஸ்டூரியாஸ்" என்ற கப்பல் கொரியாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

கப்பலில் இந்திய ராணுவ வீரர்கள் இருந்தார்கள். கொரியாவில் பல மாதம் காவல் வேலை பார்த்துவிட்டுத் தாய்நாடு திரும்பியவர்கள் அவர்கள்.

அவர்களோடு இன்னொரு கூட்டமும் வந்தது. அதில் 88 பேர். 76 பேர் கொரியர்கள். 12 பேர் சீனர்கள். அத்தனை பேரும் போரில் பிடிபட்டுக் கைதிகளாக இருந்தவர்கள்.

சண்டை நின்றுவிட்டது. இனி வீட்டுக்குப் போகலாம். ஆனால் இவர்கள் போகவில்லை. தங்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள் பக்கமும் சேரவில்லை. இரண்டு பக்கமும் வேண்டாம், நடுநிலையான ஒரு நாடு போதும் என்றார்கள். அதனால்தான் முன்பின் தெரியாத சென்னையில் வந்து இறங்கினார்கள்.

இந்த 88 பேரின் கதைக்குள், ஒரு பெரிய யுத்தம் எப்படி நின்றது என்ற கதையும் இருக்கிறது. அதில் நம் சென்னையில் படித்தவர்கள் மூவருக்குப் பெரிய பங்கு உண்டு.

தாம்பரத்துக் கல்லூரி

பொத்தேரி ரயில் நிலையத்தில் மாலை வேளையில் நின்று பாருங்கள். கல்லூரி விட்டு மாணவர்களும் மாணவிகளும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். கொரியப் பாட்டும், கொரியத் தொடர்களும் அவர்களில் பலருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் கார்களைப் பாருங்கள். கொரியக் கம்பெனியின் கார்கள் எத்தனையோ ஓடுகின்றன. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் அவை தயாராகி வருகின்றன.

பாட்டும் காரும் வருவதற்கு வெகு காலம் முன்பே நமக்கும் கொரியாவுக்கும் ஒரு தொடர்பு ஏற்பட்டுவிட்டது.

பொத்தேரியில் ரயில் ஏறினால் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர். அடுத்தது தாம்பரம். அங்கே கிழக்குப் பக்கத்தில், மரங்கள் அடர்ந்த இடத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. 1937-ம் ஆண்டில்தான் அது தாம்பரத்துக்கு வந்தது. அதற்கு முன்பு சென்னை நகருக்குள் இருந்தது.

நகருக்குள் இருந்த காலத்தில் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் கே.பி.எஸ். மேனனும், கே.எம். பணிக்கரும். இருவரும் கேரளத்துக்காரர்கள். இன்னொரு கேரளத்துக்காரரான வி.கே. கிருஷ்ண மேனன், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார்.

இந்த மூவரும் பிற்காலத்தில் கொரியப் பிரச்னையில் இந்தியாவின் குரலாக விளங்கினார்கள்.

ஒரு வீடு, இரண்டு அடுப்பு

கொரியா ஒரே நாடாக இருந்தது. ஒரே மொழி; ஒரே இனம். 1910-ல் அதை ஜப்பான் பிடித்துக்கொண்டது. 1945-ல் ஜப்பான் உலகப் போரில் தோற்றது. வடக்கே ரஷியப் படை வந்தது. தெற்கே அமெரிக்கப் படை வந்தது. பூகோளப் படத்தில் உள்ள 38-வது அட்சரேகையை இரண்டுக்கும் நடுவே எல்லையாக வைத்துக்கொண்டார்கள்.

தாற்காலிகமாகப் போட்ட கோடு அது. ஆனால் அழியவில்லை.

இரண்டு பகுதியையும் சேர்த்துத் தேர்தல் நடத்த ஐ.நா. சபை ஒரு கமிஷனை அனுப்பியது. 1948-ல் அதற்குத் தலைவராக இருந்தவர்தான் கே.பி.எஸ். மேனன். கமிஷனை வடக்கே நுழைய விடவில்லை. தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. அந்த ஆண்டிலேயே தெற்கே ஒரு சர்க்கார், வடக்கே ஒரு சர்க்கார் என்று ஆகிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டிய கதைதான்.

1950-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி வட கொரியப் படை கோட்டைத் தாண்டித் தெற்கே பாய்ந்தது. தென் கொரியாவுக்கு உதவியாக, ஐ.நா. கொடியின் கீழ் அமெரிக்காவும் மற்ற நாடுகளும் படை அனுப்பின.

இந்தியா என்ன செய்தது? சண்டை போடப் படை அனுப்பவில்லை. காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ய ராணுவ மருத்துவப் படை ஒன்றை அனுப்பியது.

எஞ்சினுக்கு வாளியில் தண்ணீர்

அந்த மருத்துவப் படைக்குத் தலைவர் டாக்டர் ரங்கராஜ். நம் ஆற்காட்டின் பெயரைத் தன் பெயரோடு தாங்கியவர். முழுப் பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதித்த முதல் இந்திய வீரர்களில் ஒருவர்.

1950 டிசம்பரில் அவருடைய படை வட கொரியத் தலைநகரமான பியோங்யாங்கில் இருந்தது. உடனே பின்வாங்கும்படி உத்தரவு வந்தது. லாரிகள் இல்லை. மருந்துகளையும் கருவிகளையும் அழித்துவிட்டுப் போவதா? அவை இல்லாவிட்டால் டாக்டர் என்ன செய்வார்?

ரயில் நிலையத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் கிடந்தன. வீரர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி எஞ்சினை நிரப்பினார்கள். ரயில் வேலை தெரிந்த வீரர்களே அதை ஓட்டினார்கள். ஆற்றுப் பாலம் வெடி வைத்துத் தகர்க்கப்படுவதற்கு முன்பு ரயில் அதைக் கடந்துவிட்டது. மருந்தும் தப்பியது, ஆட்களும் தப்பினார்கள்.

போர் முடியும் வரை இந்தப் படை கொரியாவில் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை செய்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ர விருது கிடைத்தது.

நள்ளிரவில் வந்த அழைப்பு

டாக்டர்கள் அங்கே போவதற்கு முன்பே பீகிங் நகரில் வேறு ஒரு சம்பவம் நடந்தது. பீகிங்தான் இன்றைய பெய்ஜிங். கே.எம். பணிக்கர் அங்கே இந்தியத் தூதராக இருந்தார்.

1950-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி நள்ளிரவு. தூங்கிக்கொண்டிருந்த பணிக்கரை எழுப்பினார்கள். சீனப் பிரதமர் சூ என்-லாய் உடனே பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

விஷயம் இதுதான்: அமெரிக்கப் படை 38-வது கோட்டைத் தாண்டி வடக்கே வந்தால், சீனா போரில் இறங்கும்.

அப்போது சீனாவின் புதிய சர்க்காரோடு அமெரிக்காவுக்கு உறவு இல்லை. அதனால் செய்தி சொல்ல இந்தியா தேவைப்பட்டது. பணிக்கர் டில்லிக்குத் தந்தி கொடுத்தார். டில்லி மற்ற நாடுகளுக்குச் சொல்லியது.

வாஷிங்டனில் நம்பவில்லை. சீனா சும்மா மிரட்டுகிறது என்று எண்ணினார்கள். பணிக்கர் சீனாவின் பக்கம் பேசுகிறவர் என்று சொன்னவர்களும் உண்டு.

அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. அதே மாதத்தில் சீனப் படை கொரியாவுக்குள் இறங்கியது. போர் மேலும் இரண்டே முக்கால் ஆண்டு நீடித்தது. மொத்தத்தில் இருபது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும் பகுதி ஆயுதம் எடுக்காத பொதுமக்கள்.

ஒரே ஒரு முடிச்சு

1951 ஜூலையில் சமரசப் பேச்சு தொடங்கியது. எல்லை எது, சண்டையை எப்படி நிறுத்துவது என்பதில் எல்லாம் ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டது. ஒரே ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. அதுதான் கைதிகள் பிரச்னை.

போர் நின்றால் கைதிகளை அவரவர் நாட்டுக்கு அனுப்ப வேண்டும். இது 1949-ம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் சொல்லும் முறை. சீனாவும் வட கொரியாவும் அதைக் காட்டி, "எல்லாரையும் அனுப்பு" என்றன.

ஆனால் ஐ.நா. படையிடம் இருந்த கைதிகளில் பல ஆயிரம் பேர் திரும்பிப் போக மறுத்தார்கள். சிலர் தெற்கே பிறந்தவர்கள். வடக்குப் படையில் வலுவில் சேர்க்கப்பட்டவர்கள். சில சீனர்கள் பழைய சியாங் கை-ஷேக் படையில் இருந்தவர்கள். போனால் என்ன ஆகுமோ என்று பயந்தவர்களும் உண்டு. கட்டிப் பிடித்து அனுப்பமாட்டோம் என்றது அமெரிக்கா.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முகாம்களுக்குள் கைதிகளே கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். ஒருவன் "போகமாட்டேன்" என்றால், அது அவன் மனசிலிருந்து வருகிறதா, பக்கத்தில் நிற்பவனுக்குப் பயந்து வருகிறதா? அதை யார் கண்டுபிடிப்பது?

இந்த ஒரு கேள்விக்காகப் பேச்சு ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்தது. பேச்சு இழுத்த ஒவ்வொரு நாளும் போர்முனையில் ஆட்கள் செத்தார்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

1952-ன் இறுதியில் கிருஷ்ண மேனன் ஐ.நா. சபையில் ஒரு யோசனை சொன்னார்.

நம் கிராமத்தில் அண்ணன் தம்பி சண்டையில் மாடு யாருக்கு என்று தகராறு வந்தால் என்ன செய்வார்கள்? தீர்ப்பு ஆகும் வரை மாட்டைப் பொதுவான ஒருவர் தொழுவத்தில் கட்டச் சொல்வார்கள். மேனன் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

கைதிகளை நடுநிலை நாடுகளின் பொறுப்பில் விட வேண்டும். ஊருக்குப் போ என்று பலவந்தம் கூடாது. போகாதே என்று பலவந்தமும் கூடாது. யாருக்கும் பயப்படாத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ரஷியாவுக்கு அறவே பிடிக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைதான் மேனனுக்கு. ஆனாலும் டிசம்பர் 3-ந் தேதி ஓட்டு எடுத்தபோது 54 நாடுகள் ஆதரித்தன; 5 நாடுகள் எதிர்த்தன.

சீனா ஏற்க மறுத்தது. காரியம் கெட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள்.

1953 மார்ச்சில் ரஷியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார். அதே மாதக் கடைசியில் சீனா இறங்கி வந்தது. ஜூன் 8-ந் தேதி கைதிகள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பெரும்பாலும் மேனன் சொன்ன வழியே அது. ஜூலை 27-ந் தேதி பான்முன்ஜோம் என்ற இடத்தில் போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பீரங்கிகள் ஓய்ந்தன.

மண்ணில் கால் வைக்காத படை

கண்காணிப்பு வேலைக்கு இரண்டு கமிஷன்கள் ஏற்பட்டன. புதிய படையும் ஆயுதமும் கொரியாவுக்குள் வருகின்றனவா என்று பார்க்க ஒன்று. அதில் ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா ஆகிய நான்கு நாடுகள். கைதிகள் பிரச்னையைத் தீர்க்க இன்னொன்று. அதில் அந்த நான்கோடு இந்தியாவும் சேர்ந்தது. தலைமைப் பதவியும் இந்தியாவுக்கே. தலைவர் ஜெனரல் திம்மையா.

கைதிகளைக் காவல் காக்க சுமார் 6,000 இந்திய வீரர்கள் போனார்கள். அவர்களுக்குத் தளபதி மேஜர் ஜெனரல் தோரட்.

போன இடத்தில் வரவேற்பு எப்படி? தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ, இந்திய வீரர்கள் தம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இந்தியா எதிரிக்குச் சாதகமானது என்பது அவர் எண்ணம். ஆகவே நம் வீரர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, இரு படைகளுக்கும் நடுவே படை இல்லாத பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே கூடாரம் போட்டார்கள்.

தெற்குப் பக்கத்திலிருந்து சுமார் 22,600 கைதிகள் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். வடக்குப் பக்கத்திலிருந்து 359 பேர். அதில் 23 பேர் அமெரிக்கர்கள், ஒருவர் பிரிட்டிஷ்காரர்.

தெற்கிலிருந்து வந்த கைதிகள் இந்தியர்களைச் சந்தேகித்தார்கள். தங்களைச் சீனாவுக்குப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று கூச்சல் போட்டார்கள், கல்லெறிந்தார்கள். ஒரு முறை ஓர் இந்திய மேஜரையே தங்கள் அடைப்புக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்கள். தோரட் தாமே உள்ளே போய் அவர்கள் நடுவில் நின்று பேசினார். துப்பாக்கி வெடிக்காமல் மேஜர் மீண்டார்.

எப்போதும் அப்படி முடியவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் நம் காவலர்கள் சுட நேர்ந்தது. சில கைதிகள் உயிரிழந்தார்கள். நடுவில் நிற்பவன் கையிலும் ரத்தம் படலாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டு வாசல்

கேள்வி கேட்கும் முறை இதுதான். ஒரு கூடாரம். உள்ளே ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் சாட்சியாக உட்கார்ந்திருப்பார்கள். கைதியின் சொந்த நாட்டு அதிகாரி அவனிடம் பேசி, ஊருக்கு வரும்படி அழைப்பார். கேட்டுவிட்டு அவன் எழுந்து போவான்.

கூடாரத்துக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் வழியே போனால் சொந்த ஊர். மற்ற வாசல் வழியே போனால் மறுபடி முகாம். எந்த வாசல் என்பது அவன் இஷ்டம்.

தாயும் மனைவியும் ஒரு வாசலுக்கு அப்பால். பயமும், புதிய வாழ்வைப் பற்றிய ஆசையும் மற்ற வாசலுக்கு அப்பால். சில நிமிஷத்தில் ஆயுள் முழுவதையும் முடிவு செய்ய வேண்டும். வாசகர்களே, நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

திட்டம் நல்ல திட்டம். ஆனால் முழுமையாக நடக்கவில்லை. கைதிகள் கூடாரத்துக்கு வர மறுத்தார்கள். விளக்கம் சொல்வதிலும் தகராறு. 90 நாள் கெடு டிசம்பர் 23-ல் முடிந்தபோது, கைதிகளில் சிறு பகுதியினரே விளக்கம் கேட்டிருந்தார்கள். தெற்கிலிருந்து வந்தவர்களில் சொந்த ஊர் திரும்பியவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர்தான். வடக்கிலிருந்து வந்த அமெரிக்கர்களில் 21 பேர் சீனாவின் பக்கமே தங்கிவிட்டார்கள்.

மீதி இருந்தவர்களை 1954 ஜனவரி 20 முதல் திம்மையா பழைய பொறுப்பாளர்களிடமே திருப்பி ஒப்படைத்தார். இந்தியா அவர்களை விடுதலை செய்ததாக அறிவிக்கவில்லை என்று அமெரிக்கத் தரப்புக்கு மனக்குறை. கெடுவை நீட்டவில்லை என்று சீனத் தரப்புக்குக் கோபம். மறுபடியும் இரண்டு பக்கமும் இடி!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஏசினார்கள். என்றாலும் கைதிகள் பிரச்னையால் மறுபடி சண்டை மூளவில்லை.

மூன்றாவது வழி

எந்த வாசலும் வேண்டாம் என்றவர்கள்தான் அந்த 88 பேர். இந்தியா அவர்களைத் தன்னோடு அழைத்து வந்தது. சென்னையில் இறங்கி, டில்லிக்குப் போய், அங்கே ராணுவப் பாதுகாப்பில் தங்கினார்கள். பிறகு பெரும்பாலோர் பிரேசில், அர்ஜென்டினா முதலிய நாடுகளுக்குக் குடியேறினார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கி வாழ்ந்தார்கள்.

கொரியாவில் கிடைத்த பெயரால் இந்தியாவுக்கு மேலும் பொறுப்புகள் வந்தன. 1954-ல் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளிலும் போர் நிறுத்தத்தைக் கண்காணிக்கும் கமிஷன்களுக்கு இந்தியா தலைமை வகித்தது. திம்மையா பின்னர் சைப்ரஸ் தீவில் ஐ.நா. அமைதிப் படைக்குத் தளபதியாக இருந்தார். 1965 டிசம்பரில், அந்தப் பணியில் இருக்கும்போதே காலமானார்.

சண்டை நின்றது, சமாதானம்?

கொரியாவில் 1953-ல் ஏற்பட்டது போர் நிறுத்தம்தான். சமாதான உடன்படிக்கை அல்ல. அது இன்று வரை கையெழுத்தாகவில்லை. 1954-ல் ஜெனீவாவில் கூடிப் பேசினார்கள், பலன் இல்லை. நான்கு நாட்டுக் கண்காணிப்புக் கமிஷனில் ஸ்விட்சர்லாந்து, ஸ்வீடன் நாட்டு அதிகாரிகள் இன்றும் பான்முன்ஜோமில் இருக்கிறார்கள். நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள எல்லைப் பகுதி இன்றும் நாட்டை இரண்டாகப் பிளக்கிறது.

பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! 2000-ம் ஆண்டுக்குப் பிறகு சில முறை அவர்களைச் சந்திக்க வைத்தார்கள். கடைசியாக 2018 ஆகஸ்டில் நடந்தது. தள்ளாத வயதில், ஐம்பது அறுபது ஆண்டு காணாத பிள்ளையின் முகத்தைத் தாய் தடவிப் பார்த்தாள். சில நாளில் மறுபடி பிரிந்தார்கள்.

கண்காணிப்பவனால் சண்டையைத் தள்ளி வைக்க முடியும். கோபத்தைத் தணிக்கக் காலம் வாங்கித் தர முடியும். சேர்ந்து வாழ வேண்டியது சண்டை போட்டவர்கள்தான். அந்த மனசை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்க முடியாது.

அதற்காக நடுவர் வேலை வீண் என்று சொல்லலாமா? 1953 ஜூலை 27-ந் தேதிக்குப் பிறகு அந்தப் போர்முனையில் சாகாமல் வீடு திரும்பிய சிப்பாயின் மனைவியைக் கேட்டால், வீண் என்று சொல்லமாட்டாள்.

பொத்தேரியில் ரயிலுக்குக் காத்திருக்கும் மாணவி இன்று கொரியப் பாட்டுக் கேட்கிறாள். தாம்பரத்தைத் தாண்டிச் சென்னைக் கடற்கரை நிலையம் வரை அந்த ரயில் போகிறது. அதன் பக்கத்தில்தான் துறைமுகம். அங்கேதான் ஒரு பிப்ரவரியில் 88 பேர் வந்து இறங்கினார்கள். "நீ எங்கே போக விரும்புகிறாய்?" என்ற கேள்விக்கு மூன்றாவது பதில் சொன்னவர்கள் அவர்கள், அந்தப் பதிலையும் ஏற்றுக்கொண்டு அவர்களுக்கு இடம் கொடுத்தது நம் நாடு.